பைலட் வேலை: பயிற்சிக்குப் பணம் கட்டுவதிலிருந்து கம்பெனி கைவிட்டால் என்ன செய்வது வரை

2023-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மே மாதம் கோ ஃபர்ஸ்ட் தானாகவே திவால் மனு போட்டுப் பறப்பதை நிறுத்தியது. ஜூனில் இண்டிகோ ஒரே கையெழுத்தில் 500 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. ஆகஸ்ட், செப்டம்பரில் ஆகாசாவிலிருந்து 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமலே கிளம்பிவிட, அந்த நிறுவனம் நீதிமன்றப் படி ஏறியது. எல்லாம் ஒரே வருடத்தில், ஒரே நாட்டில்.

"இந்தியாவில் பைலட் பற்றாக்குறை" என்று செய்தி வருகிறது. அதே நேரத்தில் சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) வாங்கிய பையன் இரண்டு வருடமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று பக்கத்துத் தெருவில் பேச்சு அடிபடுகிறது. இரண்டும் உண்மைதான். பற்றாக்குறை கேப்டன்களுக்கு. 200 மணி நேரம் பறந்துவிட்டு லைசென்ஸோடு நிற்கிறவர்களுக்கு அல்ல. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2022-ல் 1,165 சிபிஎல் கொடுத்தது, 2023-ல் 1,622. இவ்வளவு பேரும் வலதுபக்க இருக்கைக்குத்தான், அதாவது துணை விமானி வேலைக்குத்தான், வரிசையில் நிற்கிறார்கள். ஒரு சிறிய ஜெட் விமானத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பைலட்டுகளாவது தேவை, அதில் பாதி கேப்டனாக இருக்க வேண்டும். புது ஆளை எடுத்தால் அவரோடு பறந்து பழக்கிவிடவும் கேப்டன் வேண்டும். ஆகவே கேப்டன் கிடைக்காத நிறுவனம் புது ஆளையும் எடுக்காது. பயிற்சி மையத்தின் விளம்பரத்தில் இந்தக் கணக்கு இருக்காது.

இந்த வழிகாட்டி பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கும், வீட்டை அடமானம் வைக்க யோசிக்கிற பெற்றோருக்கும், ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும்.

படி 1: முதலில் மெடிக்கல், அப்புறம்தான் அட்மிஷன்

வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம். பள்ளிக்குப் பணம் கட்டிவிட்டு மெடிக்கலுக்குப் போவார்கள். அங்கே நிறப்பார்வைக் குறைபாடு தெரியவரும், அல்லது இசிஜி-யில் ஏதாவது வரும். கண்ணாடி போட்டிருப்பது பெரும்பாலும் பிரச்சினை இல்லை, திருத்தினால் பார்வை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவருக்கு மட்டும் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும்.

டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 மருத்துவச் சான்று எடுங்கள். அதோடு நின்றுவிடாமல் கிளாஸ் 1 பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். ஏர்லைனில் பறக்க அதுதான் தேவை. "தற்காலிகமாகத் தகுதியில்லை" என்று எழுதிக் கொடுத்தால் பதற வேண்டாம். உடல் எடை, ரத்த அழுத்தம் போன்ற பல விஷயங்களைச் சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம். ஆனால் அந்த முடிவு தெரியும் வரை எவருக்கும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பேச்சு நடந்துவருகிறது. பேச்சை நம்பி இருக்க வேண்டாம். காமர்ஸ் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறி வருகிற வழி பல வருடங்களாக இருக்கிறது.

படி 2: பேப்பர்களை முன்கூட்டியே முடியுங்கள்

ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். இவை தவிர ரேடியோ டெலிபோனி சான்று. இதைப் பல காலமாகத் தொலைத்தொடர்புத் துறைதான் நடத்தி வந்தது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விமானச் சட்டமான பாரதிய வாயுயான் அதினியம் அந்தப் பொறுப்பை டிஜிசிஏ பக்கம் மாற்றியது.

பறக்கத் தொடங்கும் முன்பே நேவிகேஷன், மெட், ரெகுலேஷன்ஸ் மூன்றையும் தேறிவிடுவது நல்லது. காரணம் எளிது. பயிற்சி மையத்தில் ஒவ்வொரு நாளும் விடுதி, சாப்பாடு என்று பணம் கரையும். பேப்பர் படிப்பதை வீட்டிலிருந்தே செய்யலாம். தவிர, நேவிகேஷனில் மூன்று முறை தோற்ற பிறகும் மனம் தளராதவர்தான் இந்தத் தொழிலில் தாக்குப்பிடிப்பார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

படி 3: எங்கே பறப்பது

சிபிஎல்-க்கு 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக, 20 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறப்பது), கொஞ்சம் இரவுப் பறப்பு, கொஞ்சம் இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது). காகிதத்தில் ஒரு வருடம். நடைமுறையில் ஒன்றரை, இரண்டு வருடம் இழுப்பது சாதாரணம். விமானம் பழுது, இன்ஸ்ட்ரக்டர் இல்லை, மழை, பனிமூட்டம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் (ஏடிசி) அனுமதி என்று காரணங்களுக்குக் குறைவே இல்லை.

ஆகவே மையத்துக்குப் போகும்போது ஏசி வகுப்பறையைப் பார்க்காதீர்கள். ஹேங்கருக்குப் போங்கள். எத்தனை விமானம் பறக்கிற நிலையில் நிற்கிறது, எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். உங்களுக்கு முன்னே சேர்ந்த ஒரு மாணவரைத் தனியாகப் பிடித்து, போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேளுங்கள். பதில் பத்துக்குக் கீழே இருந்தால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். டிஜிசிஏ 2025-ல் முதன்முறையாக நாட்டின் பயிற்சி மையங்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்டது. மேல்நிலையான ஏ பிரிவுகளில் ஒரு மையம்கூட இடம்பிடிக்கவில்லை. சேரும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் பயிற்சி மையமான இக்ருவா நுழைவுத் தேர்வு வழியாக எடுக்கிறது. இடம் குறைவு, பெயர் நல்லது. வெளிநாடு என்றால் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று போகிறார்கள். வேகம் அங்கே கூடுதல். ஆனால் திரும்பி வந்து லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்ற வேண்டும். டிஜிசிஏ தேர்வு, திறன் சோதனை என்று அதற்கும் மாதங்கள் போகும். இந்த இடைவெளிக்கான பணத்தை யாரும் முதல் பட்ஜெட்டில் போடுவதில்லை.

ஓர் எச்சரிக்கை. பறக்காத மணி நேரத்தைப் பேனாவால் பறந்ததாக எழுதிக்கொடுக்கிற மையங்கள் இருந்திருக்கின்றன. தொழிலுக்குள் அதற்கு 'பார்க்கர் பென் ஃபிளையிங்' என்றே பெயர். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் விவகாரம் வெடித்தபோது, வேலையில் இருந்த விமானிகளே கைதானார்கள். லாக்புக்கில் உள்ள ஒவ்வொரு வரியும் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது. பிறகு மையத்தைக் கைகாட்ட முடியாது.

படி 4: பணம் — மெதுவாகப் படிக்க வேண்டிய பகுதி

சிபிஎல் மட்டும் என்றால் தோராயமாக 50 முதல் 70 லட்சம். ஒரு குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் தனியாக 15 லட்சத்துக்குப் பக்கம், சில இடங்களில் அதற்கு மேலும். ஏர்லைன்கள் பயிற்சி மையங்களோடு சேர்ந்து நடத்தும் கேடட் திட்டத்தில் சேர்ந்தால் எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தாண்டும்.

80 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். பயிற்சி நடக்கும் இரண்டு வருடமும் வட்டியைக் கட்டாமல் தள்ளிப்போட்டால் அசல் 97 லட்சத்தைத் தாண்டிவிடும், தவணை 1 லட்சத்து 34 ஆயிரம் ஆகும். இப்போது மறுபக்கம். பயிற்சி நிலையில் இருக்கும் பர்ஸ்ட் ஆபீசருக்கு (துணை விமானி) கிடைப்பது உதவித்தொகை மாதிரியான தொகை. பயிற்சி முடிந்து வழக்கமான பறப்புக்கு விடுவிக்கப்பட்ட பிறகு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆக, எல்லாம் சரியாக நடந்தாலே முதல் சில வருடங்கள் சம்பளத்தில் பெரும்பங்கு வங்கிக்குத்தான். வேலை ஒரு வருடம் தள்ளிப்போனால்?

அதனால் என் யோசனை இது. பயிற்சிச் செலவு என்று மையம் சொல்லும் தொகைக்கு மேல், வேலை இல்லாமல் பதினெட்டு மாதம் காத்திருக்கத் தேவையான பணத்தையும் சேர்த்துத்தான் மொத்தச் செலவு என்று எழுதுங்கள். காத்திருக்கும் காலத்திலும் மெடிக்கல் புதுப்பிக்க வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு இரட்டை இன்ஜின் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு வழி இல்லை என்றால், குடும்பத்தின் ஒரே வீட்டை இதற்கு அடமானம் வைக்காதீர்கள். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஏலத்துக்கு வந்த வீடுகளின் கதை எந்த விளம்பரத்திலும் வராது.

பட்டியலினத்து மாணவர்களுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில் சிபிஎல் பயிற்சியும் அடங்கும். வருமான வரம்பு உண்டு. விண்ணப்பிக்கும் முன் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒரு பட்டப்படிப்பைத் தபால் வழியிலாவது முடித்துவிடுங்கள். 2020-ல் கொரோனா வந்தபோது நாட்டின் மிகப் பெரிய ஏர்லைனான இண்டிகோவே பத்து சதவீத ஊழியர்களைக் குறைத்தது. கையில் லைசென்ஸ் தவிர வேறு எதுவும் இல்லாதவர்களுக்கு அந்த வருடம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 5: கேடட் திட்டமா, சொந்த வழியா

கேடட் திட்டத்தின் கவர்ச்சி, முதல் நாளே கிடைக்கும் அந்தக் கடிதம். அதில் வேலை தருவதாக எழுதியிருக்கும். கூடவே, எங்கேயாவது ஒரு பத்தியில் 'நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கடிதத்தின் கனம் முழுக்க அந்த வரியில்தான். நீங்கள் பயிற்சி முடிக்கும்போது நிறுவனத்தின் விமானங்கள் இன்ஜின் கோளாறில் வரிசையாகத் தரையில் நின்றால், உங்கள் சேரும் தேதி தள்ளிப்போகும். கற்பனை அல்ல. பிராட் அண்ட் விட்னி இன்ஜின் பிரச்சினையால் 2024 தொடக்கத்தில் இண்டிகோவில் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்காமல் நின்றன.

அப்படியும், பணம் திரட்ட முடிகிறவர்களுக்குக் கேடட் திட்டமே மேல் என்பது என் கருத்து. டைப் ரேட்டிங் எந்த ரகத்தில் என்ற குழப்பம் இல்லை, தேர்வு முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. சொந்த வழியில் போகிறவர்களுக்குச் செலவு குறைவு, சுதந்திரம் அதிகம், உறுதி எதுவும் இல்லை. ஏர் இந்தியா மகாராஷ்டிரத்தின் அமராவதியில் ஆண்டுக்கு 180 பேருக்குப் பயிற்சி தரும் திட்டத்தோடு சொந்தப் பள்ளியைக் கட்டுவதைப் பார்த்தால், பெரிய நிறுவனங்கள் வருங்காலத்தில் தங்கள் பள்ளியிலிருந்தே ஆளெடுக்கும் பக்கம் சாய்வது தெரிகிறது.

படி 6: டைப் ரேட்டிங்கை அவசரப்பட்டு வாங்காதீர்கள்

சிபிஎல் முடித்துச் சும்மா இருப்பதைவிட டைப் ரேட்டிங் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஏஜென்ட்டுகள் அதைத்தான் சொல்வார்கள். போட்ட பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் (தரையில் இருக்கும் மாதிரி காக்பிட்) சோதனை, அண்மையில் இறக்கிய அனுபவம் என்று அதையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். வேலை இல்லாமல் அதைச் செய்வது காசைக் கரியாக்குவதுதான். ஒரு நிறுவனம் "இந்த ரேட்டிங்கோடு வா" என்று எழுத்தில் சொன்ன பிறகு போடுவதே நல்லது.

எந்த ரகம் என்பதும் முக்கியம். இண்டிகோவில் ஏர்பஸ் ஏ320 குடும்பமும் சிறிய புரொப்பெல்லர் விமானமான ஏடிஆரும், ஆகாசாவில் போயிங் 737 மேக்ஸ் மட்டும், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 737-ம் ஏ320-ம். நிறுவனம் மூடினால் உங்களை இன்னொருவர் எடுப்பாரா என்பதை இந்த ரகம்தான் தீர்மானிக்கும். 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் 737 விமானங்களையும் பைலட்டுகளையும் ஸ்பைஸ்ஜெட் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. கோ ஃபர்ஸ்ட் ஓட்டியது ஏ320, அதனால் அங்கிருந்தவர்களுக்கு இண்டிகோவும் ஏர் இந்தியாவும் திறந்திருந்தன. நம் ஊர் உதாரணமும் உண்டு. 2005-ல் தொடங்கி, சென்னையை மையமாக வைத்துப் பறந்த பாரமவுன்ட் ஏர்வேஸ் முழுக்க எம்ப்ரேயர் ரக விமானங்களையே வைத்திருந்தது. மதுரைக்கும் கோவைக்கும் சொகுசாகப் போய்வந்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். 2010-ல் அது நின்றபோது, நாட்டில் வேறு எந்தப் பெரிய ஏர்லைனும் அந்த ரகத்தை ஓட்டவில்லை.

படி 7: தேர்வுச் சுற்று

ஆன்லைன் விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, கணினியில் திறன் தேர்வு, சில இடங்களில் குழு விவாதம், சிமுலேட்டர், நேர்காணல், மறுபடி மெடிக்கல். திறன் தேர்வில் ஒரு கையால் ஜாய்ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டே காதில் விழும் எண்களை நினைவில் வைக்கச் சொல்வார்கள். பழகினால் தேறும் வகை அது.

பலர் விழுவது சிமுலேட்டரில். ஆட்டோ பைலட்டும், எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் வழிகாட்டும் ஃபிளைட் டைரக்டரும் அணைக்கப்பட்டிருக்கும். வேகம், உயரம், திசை மூன்றையும் கண்ணால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கையால் பிடிக்க வேண்டும். நீங்கள் 150 நாட் வேகத்தைப் பிடிக்கும் நேரத்தில் உயரம் 200 அடி நழுவும். அதைப் பிடிக்கும்போது திசை நழுவும். பக்கத்தில் இருப்பவர் இதைத்தான் எதிர்பார்க்கிறார். நழுவியது உங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிந்தது, தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னீர்களா, திருத்தியதும் அமைதியாக அடுத்ததற்குப் போனீர்களா, அல்லது போன தவற்றையே நினைத்துக்கொண்டு ஐஎல்எஸ்-ஐ (தரையிறங்க வழிகாட்டும் ரேடியோ சிக்னல்) தவறவிட்டீர்களா என்று பார்க்கிறார். சிபிஎல் முடித்து ஒரு வருடம் பறக்காமல் இருந்தவர், தேர்வுக்கு முந்தைய வாரம் அசையாத வகைச் சிமுலேட்டரில் நான்கைந்து மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுப் போவது நல்லது.

நேர்காணலில் "எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்" என்று கேட்பார்கள். அந்த நிறுவனத்திடம் எத்தனை விமானம், எந்த ரகம், எந்த ஊர்கள் பேஸ் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

படி 8: கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை நான்கு இடத்தில் நிறுத்திப் படியுங்கள்

முதலாவது பாண்ட், அதாவது இத்தனை வருடம் வேலையில் இருப்பேன் என்ற உறுதி. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று இருக்கும். விலகினால் கட்ட வேண்டிய தொகை வருடத்துக்கு வருடம் குறைகிறதா, கடைசி நாள்வரை முழுத் தொகையா என்று பாருங்கள். பாண்ட் நீதிமன்றத்தில் செல்லாது என்று விடுதிப் பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம், ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சப் பணிக்காலப் பாண்ட் செல்லும் என்றே சொன்னது. தொகை நியாயமானதா என்று வாதாடலாம், பாண்டே இல்லை என்று வாதாட முடியாது. அசல் சான்றிதழ்களையோ தொகை எழுதாத காசோலைகளையோ கேட்டால் வழக்கறிஞரைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, நோட்டீஸ் காலம். இது பாண்டிலிருந்து வேறு. டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், பர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம். பைலட் சங்கங்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போயின. பாண்ட் தொகையைக் கட்டிவிட்டேன் என்பதால் நோட்டீஸ் முடிந்துவிடாது. ஆகாசா விவகாரம் முழுக்க இதைச் சுற்றித்தான். போட்டி நிறுவனம் உடனே சேரச் சொல்லும், பழைய நிறுவனம் விடாது, நடுவில் மாட்டுவது பைலட்.

மூன்றாவது, உறுதியளிக்கப்பட்ட மணி நேரம். சம்பளம் பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் அது எத்தனை மணி நேரத்துக்கு? 2024-ல் ஏர் இந்தியாவோடு இணைப்பு நெருங்கியபோது விஸ்தாரா கொடுத்த புது ஒப்பந்தத்தில், மாதம் 70 மணி நேரத்துக்கான நிலையான சம்பளம் 40 மணி நேரத்துக்கு என்று மாறியது. விமானம் அதிகம் பறந்தால் இழப்பு தெரியாது. குறைந்தால் மாத வருமானம் அப்படியே இறங்கும். முதலில் பர்ஸ்ட் ஆபீசர்கள் எரிச்சலானார்கள், ஏப்ரலில் ஆள் போதாமல் விமானங்கள் ரத்தாகின, கடைசியில் நிறுவனம் தினசரி சேவைகளில் பத்து சதவீதத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தத்தில் 70 என்ற ஓர் எண்தான் 40 ஆக மாறியிருந்தது.

நான்காவது, சீனியாரிட்டி. நிறுவனங்கள் இணைந்தால் உங்கள் எண் எங்கே போகும்? லீவு, ஊர், பெரிய விமானம், கேப்டன் பதவி எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வரும். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு கலந்தபோதும் பைலட்டுகளின் பெரிய கவலைகளில் இது ஒன்று. ஒப்பந்தத்தில் இதற்குப் பதில் இருக்காது. ஆனால் கேட்டு வையுங்கள்.

படி 9: வலதுபக்க இருக்கையில் இருக்கும் வருடங்கள்

சேர்ந்த பிறகு நோக்கம் ஒன்றுதான்: மணி நேரம். 1,500 மணி நேரமும் ஏடிபிஎல்-ம் (கேப்டனாகத் தேவையான லைசென்ஸ்) வந்துவிட்டால் நீங்கள் பற்றாக்குறைப் பக்கத்துக்குப் போய்விடுகிறீர்கள். ஏடிபிஎல் பேப்பர்களைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். கேப்டன் பதவிக்கு முறை வரும்போது பேப்பர் பாக்கி இருந்தால் பின்னால் இருப்பவர் முன்னே போய்விடுவார்.

ஐம்பதாயிரம் கூடுதல் என்று இன்னொரு ஏர்லைன் அழைக்கும்போது என்ன செய்வது? அங்கே சீனியாரிட்டி பட்டியலின் கடைசியில் நிற்பீர்கள். ஆளைக் குறைக்கும்போது கடைசியில் வந்தவர்தான் முதலில் போவார். வேகமாக வளரும் புது நிறுவனத்தில் கேப்டன் பதவி சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அந்த நிறுவனம் நிற்குமா என்ற கேள்வி கூடவே வரும். என்னைக் கேட்டால், கேப்டன் ஆகும் முன் சம்பளத்துக்காக மாறாதீர்கள். கேப்டன் ஆன பிறகு உங்கள் விலையே வேறு. வெளிநாட்டு ஏர்லைன்கள் அனுபவமிக்க இந்திய விமானிகளைத் தொடர்ந்து எடுப்பதைப் பற்றி 2025-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடமே இந்தியா பிரச்சினை எழுப்பியது. ஆளெடுப்புக்கு ஒரு நடத்தை விதி வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு அந்தப் போட்டி.

ஓய்வு விதிகளையும் கவனியுங்கள், ஆளெடுப்பு அதைப் பொறுத்தே ஏறி இறங்கும். டிஜிசிஏ புதிய விதிகளில் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியது, இரவு நேர லேண்டிங்குகளை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஒரே மாதத்தில் இண்டிகோ தடுமாறியது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. நிறுவனம் ஆளெடுப்பை நிறுத்தி வைத்திருந்ததுதான் காரணம் என்று இந்திய விமானிகள் கூட்டமைப்பு குற்றம் சாட்டியது. 2026 பிப்ரவரி 10 வரை விதிகளில் தற்காலிகச் சலுகை தரப்பட்டது. விதி இறுகினால் வேலை பெருகும், சலுகை கொடுத்தால் ஆளெடுப்பு தள்ளிப்போகும். காத்திருப்பவர்கள் டிஜிசிஏ சுற்றறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் எப்போது கதவு திறக்கும் என்று ஓரளவு கணிக்கலாம்.

லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எடுங்கள். சர்க்கரை, இதயம், முதுகு எதனாலும் மெடிக்கல் போனால் அன்றோடு சம்பளம் நிற்கும். நிறுவனம் எடுத்துத் தரும் காப்பீடு கடன் பாக்கியை ஈடுகட்டுமா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

படி 10: கம்பெனி நோய்வாய்ப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது

நிர்வாகத்தின் மின்னஞ்சலைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கடைசி வாரம் வரை முதலீட்டாளர் வருகிறார் என்றுதான் எழுதுவார்கள். வேறு இடங்களில் பாருங்கள்.

இபிஎஃப் பாஸ்புக்கை மாதா மாதம் திறங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் அங்கே வரவில்லை என்றால் அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. வருமான வரிக் கணக்கில் படிவம் 26ஏஎஸ்-ஐயும் பாருங்கள். கிங்ஃபிஷர் தன் ஊழியர்களிடம் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் விட்டது. சம்பளமும் வராமல், வரி பாக்கி என்று நோட்டீஸும் வந்தது. அதன் லைசென்ஸ் முடக்கப்பட்டது 2012 அக்டோபரில், ஆனால் சம்பளம் அதற்குப் பல மாதம் முன்பே தடைபடத் தொடங்கியிருந்தது.

விமான நிலையத்தில் விமானங்களை நிறுத்தும் ஏப்ரனில் நிற்பவற்றையும் எண்ணுங்கள். ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போடுவது வழக்கமாகிவிட்டதா? வெளியூர் விடுதியில் "உங்கள் கம்பெனி பில் பாக்கி" என்கிறார்களா? எண்ணெய் நிறுவனம் முன்பணம் கேட்கிறதா? இதில் இரண்டு சேர்ந்து நடந்தால் விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்கிவிடுங்கள். நோட்டீஸ் ஆறு மாதம், ஒரு வருடம் என்பதால் மூழ்கிய பிறகு நீந்தத் தொடங்கினால் தாமதம்.

ஊக்கத்தொகை அறிவித்தாலும் கணக்குப் போடுங்கள். கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்திய பிறகும் பைலட்டுகளைத் தக்கவைக்க, கேப்டனுக்கு மாதம் ஒரு லட்சமும் பர்ஸ்ட் ஆபீசருக்கு 50 ஆயிரமும் கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. 2024 ஏப்ரலில் அதன் 54 விமானங்களைப் பதிவு நீக்கி உரிமையாளர்களிடம் விடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விமானமே இல்லாத ஏர்லைன் எப்படி எழும்? 2025 ஜனவரியில் கலைப்பு உத்தரவு வந்தது.

படி 11: மூடிவிட்டார்கள், இப்போது?

அலுவலகத்தில் ஆள் இருக்கும்போதே ஆவணங்களை வாங்குங்கள். கையெழுத்திட்ட பறப்பு மணிநேரச் சான்று, கடைசி சிமுலேட்டர் சோதனைத் தாள்கள், லைன் டிரெய்னிங் பதிவுகள், பணி விடுவிப்புக் கடிதம், சம்பளச் சீட்டுகள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் வேறு கம்பெனியில் இருப்பார். நல்ல நாளிலேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணி நேரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் இந்த ஓட்டம் பாதி மிச்சம்.

திவால் நடவடிக்கை தொடங்கினால் தீர்வு அதிகாரி பத்திரிகையில் பொது அறிவிப்பு கொடுப்பார். ஊழியர்கள் பாக்கியைக் கேட்டு ஃபார்ம் டி தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், கெடு இருக்கிறது. கடைசியில் கலைப்புக்குப் போனால், திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் வரிசை எழுதப்பட்டிருக்கிறது. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களின் 24 மாதப் பாக்கி, அடமானம் வைத்திருக்கும் கடன்காரர்களோடு சமமாக நிற்கும். மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்கு அடுத்தது. விமானமெல்லாம் குத்தகை, விற்க ஒன்றும் இல்லாத நிறுவனத்தில் இந்த வரிசை எவ்வளவு தூரம் கைக்கு வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7-ல். அந்தப் பணத்தை நம்பி எந்தத் தவணையையும் திட்டமிடாதீர்கள்.

வங்கிக்கு அந்த வாரமே போங்கள். தவணை தவறிய பிறகு பேசுவதற்கும் தவறும் முன் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பிறகு மெடிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், டைப் ரேட்டிங் மூன்றும் எந்தத் தேதியில் காலாவதியாகின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். கையிலிருக்கும் பணத்தில் முதலில் மெடிக்கல், அடுத்தது மற்ற இரண்டில் எது முன்னே முடிகிறதோ அது. இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் போட்டிருந்தால் பயிற்சி மையத்தில் சொற்பச் சம்பளத்துக்காவது சேர்ந்துகொள்ளுங்கள், லாக்புக்கில் இடைவெளி விழாது. தனியார் சார்ட்டர் நிறுவனங்கள், ஏடிஆர் ஓட்டும் சிறிய ஏர்லைன்கள், சிமுலேட்டர் மையங்களில் பயிற்றுநர் வேலை எதையும் கௌரவம் பார்த்துத் தவிர்க்க வேண்டாம். அடுத்த ஏர்லைன் நேர்காணலில் கடைசியாகப் பறந்தது எப்போது என்றுதான் முதலில் கேட்பார்கள்.